குதிரைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது: சர்ரா ஒட்டுண்ணிக்கு யார் உத்தரவு போடுவது?

லேக்ரோடு_குதிரை
வணக்கம். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிக் குதிரைச் சவாரி விடுகிற குடும்பம் எங்களுடையது. மொத்தம் நான்கு. அதில் ராணி ஆடி மாதம் கீழே ஒரு சந்தையில் வாங்கியது. புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் கொள்ளைத் தொடவே இல்லை, காதைத் தொட்டால் சுட்டது. இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிட்டது. ஒரு வாரம் கழித்து மறுபடி அதே. மூன்றாவது தடவை பின்னங்கால் வீங்கி, அடிவயிறு தொங்கி, கண் இமையைப் புரட்டினால் உள்ளே வெளுத்துப் போய்ச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி. முதலில் பார்த்தவர் சளி என்று ஊசி போட்டுப் பணம் வாங்கிக்கொண்டார். அப்புறம் வந்த டாக்டர் சூடு ஏறியிருந்த நேரமாகப் பார்த்துக் காதில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் வைத்து என்னையே மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். சிவப்பணுக்களுக்கு நடுவே மீன்குஞ்சு மாதிரி ஒன்று நெளிகிறது. அது முட்டுகிற இடத்தில் அணுக்கள் எல்லாம் ஆடுகின்றன. "சர்ரா. இது சட்டையை மாற்றிக்கொண்டே இருக்கும், அதனால்தான் காய்ச்சல் போய்ப்போய் வருது" என்றார்.

ஊசி போட்டாயிற்று. என் சந்தேகம் வேறு. அது ஒரே ஒரு செல். மூளை கிடையாது. எப்போது எந்தச் சட்டையைப் போடுவது என்று அதற்கு யார் சொல்வது? நான் படித்தது பி.காம். திட்டாமல் சொல்லுங்கள்.

மாட்டாஸ்பத்திரி
தம்பி, சூடு இருக்கும்போதே ரத்தம் எடுத்த அந்த டாக்டருக்கு என் சார்பில் ஒரு டீ வாங்கிக் கொடு. சூடு இறங்கிய அன்று எடுத்திருந்தால் கண்ணாடியில் ஒன்றும் இருந்திருக்காது. "ஒன்றுமில்லை" என்று எழுதிக் கொடுத்து, கடைசியில் குதிரை போன கதை என் சர்வீஸில் நிறைய.

இதை முதலில் பார்த்தவர் கிரிஃபித் எவான்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர். 1880, தேரா இஸ்மாயில் கான், இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கிறது. குதிரை, ஒட்டக ரத்தத்தில் கண்டுபிடித்தார். அவர் பெயரில்தான் ட்ரிபனோசோமா எவான்சி. பரப்புவது கடிக்கிற பெரிய மாட்டு ஈ. ஈயின் உடம்புக்குள் இது வளர்வதே இல்லை. கடி நன்றாக வலிக்கும், குதிரை வாலைச் சுழற்றும், ஈ பாதிப் பந்தியில் எழுந்து பக்கத்துக் குதிரையிடம் போய் மீதியைச் சாப்பிடும். வாயில் ஒட்டிய ரத்தம் காய்வதற்குள் வேலை முடிந்தது. அதனால் ராணியை மற்ற மூன்றோடு கட்டாதே. போட்டது குயினாபைரமின் என்றால் ஊசி போட்ட இடம் வீங்கும், பயப்படாதே.

சட்டை விஷயம்: ஒட்டுண்ணியின் மேல் முழுக்க ஒரே வகைப் புரதம், விஎஸ்ஜி என்பார்கள். ஒரு செல்லின் மேல் சுமார் 1 கோடி. குதிரையின் உடம்பு அந்தச் சட்டையை அடையாளம் கண்டு அடிப்பதற்குள், கூட்டத்தில் ஒன்றிரண்டு வேறு சட்டைக்கு மாறியிருக்கும். பழைய சட்டைக்காரர்கள் சாவார்கள், சூடு இறங்கும். புதுச் சட்டைக்காரர்கள் பெருகுவார்கள், சூடு ஏறும். யாரும் உத்தரவு போடுவதில்லை தம்பி. தற்செயலாக மாறியவன் பிழைக்கிறான், அவ்வளவுதான்.

பிளஸ்டூ_உயிரியல்
அருமையான விளக்கம் சார். இதில் வகுப்பில் நடத்துகிற பாடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்பது அதன் முன்னால் இருக்கிற புரோமோட்டர் என்ற சுவிட்ச் பகுதியில் முடிவாகிறது. ஈ.கோலை பாக்டீரியாவில் ஒரே சுவிட்சுக்குக் கீழே வரிசையாக நிற்கும் மரபணுக்கள், லாக் ஓப்பரான், நினைவிருக்கும். சுவிட்ச் போட்டால் மரபணுவை ஆர்என்ஏவாகப் படியெடுத்தல் தொடங்கும், அணைத்தால் நிற்கும். ஒட்டுண்ணியும் இதே முறையில்தான் தனக்குத் தேவையான மரபணுவைத் திறந்து மூடும். குன்னூரில் என் மாணவர்களுக்கு இந்தக் குதிரையையே உதாரணமாகச் சொல்லப் போகிறேன்.

வால்நுனி
சார், மாணவர்களிடம் சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிஷம். ட்ரிபனோசோமில் அந்தப் பாடம் அப்படியே செல்லாது. எனக்குச் சொந்த ஊர் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டி. வேலை, வெளியூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் இந்தக் குடும்பத்து ஒட்டுண்ணிகளோடு.

நம் செல்லில் ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால் தனித்தனிச் சுவிட்ச். ட்ரிபனோசோம், அதன் உறவுக்கார ஒட்டுண்ணி லீஷ்மேனியா இரண்டிலும் பத்து, ஐம்பது, நூறு மரபணுக்கள் ஒரே வரிசையில் நிற்கும். வாசிக்கிற இயந்திரம் ஒரு முனையில் ஏறினால் மறுமுனை வரை எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாகப் படியெடுத்துக்கொண்டு போகும். லாக் ஓப்பரானிலும் வரிசை உண்டுதான். ஆனால் அங்கே வரிசையில் இருப்பவை எல்லாம் ஒரே வேலைக்கானவை. இங்கே பக்கத்துப் பக்கத்து மரபணுக்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இருக்காது. அப்புறம் அந்த நீளச் சரட்டை வெட்டி, ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஒரே மாதிரி 39 எழுத்துத் தொப்பியை ஒட்டி, பின்முனையையும் முடித்து அனுப்புவார்கள். அப்படி வெளியே வருகிற ஒவ்வொரு துண்டும் ஓர் எம்ஆர்என்ஏ, அதைப் பார்த்துத்தான் புரதம் தயாராகும். எந்த மரபணுவாக இருந்தாலும் அதே 39 எழுத்து.

எனக்குப் பிடித்த உதாரணம் பிஜிகே. சர்க்கரையை எரிக்கிற ஒரு நொதி. அதன் மரபணுக்கள் அடுத்தடுத்து ஒரே வரிசையில் இருக்கின்றன, ஒன்றாகவே படியெடுக்கப்படுகின்றன. ஆனால் சி என்கிற பிரதி மிருக ரத்தத்தில் இருக்கும்போது மட்டும் நிறைய இருக்கும். பி என்கிற பிரதி ஈயின் குடலில் இருக்கும்போது மட்டும். (இது ஆப்பிரிக்காவின் ட்ரிபனோசோமா புரூசியில். நம் எவான்சிக்கு நெருங்கிய சொந்தம், அது நிஜமாகவே செட்சீ ஈக்குள் வளர்கிற வகை.) ஒரே ஓட்டத்தில் வாசிக்கப்பட்ட இரண்டுக்கு ஏன் இந்த வித்தியாசம்? வாலில்தான் விஷயம். எம்ஆர்என்ஏவில் புரதமாக மாறாத கடைசிப் பகுதி இருக்கிறதே, அதில் வந்து உட்காருகிற புரதங்கள், "இது இருக்கட்டும்", "இதை அழி", "இதை இப்போதைக்குப் புரதம் தயாரிக்கிற ரைபோசோமிடம் விடாதே" என்று முடிவு செய்கின்றன. ஆர்என்ஏவைப் பிடிக்கும் புரதங்கள். சட்டை மாறுவது உட்பட இந்த ஒட்டுண்ணியில் நடப்பது எல்லாமே இவர்கள் கையில்தான்.

கேத்தி_கேரட்
அக்கா, எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன், சரியா பாருங்கள். நாங்கள் தோட்டத்தில் கேரட்டைப் பார்த்துப் பார்த்துப் பிடுங்குவதில்லை. மொத்தப் பாத்தியும் ஒரே நாளில் பிடுங்கி, மெஷினில் கழுவி, மூட்டை கட்டி, ஒரே லாரியில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றிவிடுவோம். எல்லா மூட்டைக்கும் வாயில் ஒரே சணல் தையல். மண்டியில் இறங்கிய பிறகுதான் எது உடனே சென்னை லாரி ஏறும், எது மூலையில் கிடந்து அழுகும் என்று முடிவாகும். அதானே?

வால்நுனி
அதேதான் அண்ணே! சணல் தையல்தான் 39 எழுத்து. இனி வகுப்பெடுத்தால் இதைத்தான் சொல்வேன். ஒரே ஒரு திருத்தம்: மண்டிக்காரர் மூட்டையைத் திறந்து கேரட்டைப் பார்ப்பதில்லை. மூட்டையின் அடியில் கட்டியிருக்கிற சீட்டைத்தான் படிக்கிறார்.

அந்த மண்டிக்காரர்களில் பெரிய ஆள் ஒருவர், ஆர்பிபி10. மிருக ரத்தத்தில் இருக்கும்போது மட்டும் இருப்பார். எந்த எம்ஆர்என்ஏவின் வாலில் யு-ஏ என்ற ஆர்என்ஏ எழுத்துகளில் தொடங்கி அப்புறம் வரிசையாக ஆறு யு வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்வார். பிடித்தால் அது அழியும், புரதமாகாது. அப்படிச் சீட்டு உள்ளவை பெரும்பாலும் ஈக்குள் போனால்தான் தேவைப்படுகிற சரக்கு. ஹைடல்பெர்க்கில் கிறிஸ்டின் கிளேட்டன் குழு 2017-ல் இதை வெளியிட்டது. ரத்த நிலையில் உள்ள செல்லில் ஆர்பிபி10-ஐக் குறைத்தார்கள், அது ஈ நிலைச் செல்லாக மட்டுமே வளர முடிந்தது. ஈ நிலைச் செல்லில் ஆர்பிபி10-ஐக் கட்டாயமாக ஊட்டினார்கள், அது ரத்த நிலைச் செல்லாக மட்டுமே வளர முடிந்தது. டிஎன்ஏவில் ஓர் எழுத்தைத் தொடவில்லை. ஒரு புரதத்தை ஏற்றி இறக்கியதில் ஒட்டுண்ணி வாழும் வீடே மாறிவிட்டது. அந்தப் படங்களைப் பார்த்த அன்று மதியம் நான் சாப்பிட மறந்தேன்.

இன்னொருவர் ஆர்பிபி6. ஈ நிலைச் செல்லில் இவரை மிகையாக உண்டாக்கினால், செட்சீ ஈ கண்ணிலேயே படாமல், வெறும் குடுவையிலேயே, மிருகத்தைத் தொற்றுகிற நிலை வரை படிப்படியாக வளர்ந்துவிடும். 2012-ல் வந்தது. அதற்கு முன்னால் அந்த நிலை வேண்டுமென்றால் ஈயை வளர்த்து, ரத்தம் கொடுத்து, எச்சில் சுரப்பியைப் பிரித்து எடுக்க வேண்டும். செட்சீ ஈ வளர்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அழுவார்கள்.

மாட்டாஸ்பத்திரி
அம்மா, நீ படித்தவள், நான் சாணி மிதித்தவன், இருந்தாலும் ஒன்று இடிக்கிறது. "சட்டை மாறுவது உட்பட எல்லாமே" என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரிந்து சட்டை மாறுவது டிஎன்ஏ வேலை. பெட்டியில் கிடக்கிற பழைய சட்டை மரபணுவை எடுத்து, வேலை செய்கிற இடத்தில் வெட்டி ஒட்டுகிறது. அதில் ஆர்என்ஏ எங்கே வந்தது?

வால்நுனி
சார், ஒப்புக்கொள்கிறேன். ஆர்வத்தில் அள்ளிவிட்டேன். சரியாகச் சொன்னால் இப்படி: சட்டை மரபணுக்கள், பாதி உடைந்தவற்றையும் சேர்த்து, புரூசியில் 2,000-க்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் எது வேலை செய்யும் இடத்துக்கு வரும் என்பது நீங்கள் சொன்ன வெட்டி ஒட்டலில் அல்லது ஓர் இடம் அணைந்து வேறோர் இடம் விழிப்பதில் முடிவாகும். அந்த இடங்கள் சுமார் 15, ஒரு நேரத்தில் ஒன்றுதான் விழித்திருக்கும். அந்தத் தேர்வு டிஎன்ஏ அளவில் நடப்பது, நான் சொன்ன வால் பிடிக்கும் புரதங்களின் வேலை அல்ல.

இவர்கள் வருவது அதற்கடுத்த படியில். எந்தச் சட்டையாக இருந்தாலும் அதன் எம்ஆர்என்ஏ வாலில் மாறாத 16 எழுத்து ஒன்று உண்டு. சிஎஃப்பி2 என்ற புரதம் அதைப் பிடித்துக்கொண்டால்தான் அந்த எம்ஆர்என்ஏ நிலைத்து நிற்கும். 2021-ல் கண்டார்கள். சட்டையின் நிறம் மாறலாம், பொத்தான் எல்லாவற்றுக்கும் ஒரே பொத்தான். சிஎஃப்பி2-ஐ எடுத்துவிட்டால் சட்டை எம்ஆர்என்ஏ குறைந்து, செல் இரண்டாகப் பிரியும் கடைசிக் கட்டத்தில் அப்படியே நின்றுவிடும். துணி போதாமல் இரண்டு பேருக்கும் சட்டை தைக்க முடியாத தையற்காரர் மாதிரி.

பிளஸ்டூ_உயிரியல்
நான் எழுதியது தவறுதான், வகுப்பில் சொல்வதற்கு முன் தெரிந்தது நல்லதாயிற்று. ஆனால் ஒரு கேள்வி. அந்தச் சட்டை மரபணு விழிக்கிற இடத்தில் புரோமோட்டர் உண்டா இல்லையா?

வால்நுனி
உண்டு சார், அந்த ஒரு புள்ளி உங்களுக்குத்தான். இன்னொரு வேடிக்கை, மற்ற உயிர்களில் ரைபோசோம் ஆர்என்ஏவை மட்டும் வாசிக்கிற முதலாம் பாலிமரேஸ் என்ற வாசிப்பு இயந்திரம்தான் இங்கே சட்டையை வாசிக்கிறது. புரத மரபணுவை அது வாசிப்பது வேறெங்கும் கேள்விப்படாத விஷயம். 1 கோடி சட்டைப் புரதம் வேண்டுமென்றால் வேகமான இயந்திரம் தேவைதானே.

சும்மா_படிப்பவன்
எல்லாம் சரி. மண்டி, சணல், பொத்தான். குதிரைக்கு என்ன பிரயோஜனம்? எவான்சி ஈக்குள்ளேயே போவதில்லை என்று டாக்டர் ஐயாவே சொல்லிவிட்டார். அப்புறம் ஈ நிலைச் சரக்கை அடக்குகிற ஆர்பிபி10 கதை எதற்கு?

வால்நுனி
நியாயமான கேள்வி. எவான்சி என்பது, ஈக்குள் வாழும் தகுதியைத் தொலைத்துவிட்ட புரூசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈயின் குடலில் பிழைக்க, செல்லுக்குச் சக்தி தருகிற மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கிற தனி டிஎன்ஏ முழுதாக வேண்டும். எவான்சி அதில் முக்கியமான பகுதியை இழந்துவிட்டது. அதனால் ரத்த நிலையிலேயே மாட்டிக்கொண்டது. புரூசி ரத்தத்தில் கூட்டம் அதிகமானால் "போதும்" என்று தங்களுக்குள் சமிக்ஞை கொடுத்து, பெருகுவதை நிறுத்தி, ஈக்காகக் காத்திருக்கும் கட்டையான உருவுக்கு மாறும். அந்த முடிவிலும் ஆர்பிபி7 என்ற ஓர் ஆர்என்ஏ புரதத்துக்குப் பங்குண்டு. எவான்சிக்கு அந்தப் "போதும்" கிடையாது. யாருக்காகக் காத்திருக்க வேண்டும்? பெருகிக்கொண்டே போகும். ராணியின் கால் வீக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

மருந்தைப் பற்றிச் சொல்கிறேன். புரூசி மனிதருக்கு உண்டாக்குகிற ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு அகோசிபோரோல் என்று ஒரு மாத்திரை. ஒரே வேளை விழுங்கினால் போதும். காங்கோவிலும் கினியாவிலும் 208 பேருக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 2022-ல் வந்தது. மூளை வரை நோய் போனவர்களிலும் சுமார் 95 சதவீதம் பேருக்குக் குணம். அது எதைத் தாக்குகிறது தெரியுமா? நீளச் சரட்டை வெட்டிப் பின்முனையை முடிக்கிற கத்தியை, சிபிஎஸ்எஃப்3 என்ற நொதியை. குதிரைக்கு இன்னும் அது இல்லை. ஆனால் "எதற்கு" என்று கேட்டீர்களே, மூட்டை தைக்கிற இடத்திலேயே கை வைத்த மருந்து இது.

கல்லட்டி_வளைவு
மலேரியா ஒட்டுண்ணியும் இப்படித்தானா? கேட்கக் காரணம் உண்டு. எங்கள் சீகூர்ப் பக்கத்துக்குத்தான் 1897-ல் ரொனால்ட் ராஸ் ஊட்டியிலிருந்து இறங்கி வந்து மலேரியாவைத் தேடினார். சுவரில் ஒரு கொசு வித்தியாசமாக உட்கார்ந்திருப்பதைக் கவனித்ததும் இங்கேதான் என்பார்கள். இங்கே வந்து அவருக்கே மலேரியா வந்துவிட்டது. அதே வருஷம் ஆகஸ்ட் 20-ல் செகந்திராபாத்தில் கொசு வயிற்றில் ஒட்டுண்ணியைப் பிடித்தார். 36 கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டும்போதெல்லாம் அந்த மனுஷன் காய்ச்சலோடு எப்படி மேலே ஏறியிருப்பார் என்று நினைப்பேன்.

வால்நுனி
மலேரியா வேறு சாதி அண்ணே. அதற்குப் புரோமோட்டர், சுவிட்ச் எல்லாம் உண்டு. (ஆசிரியர் ஐயா சந்தோஷப்படலாம்.) ஆனால் கொசுவுக்கும் நமக்கும் நடுவே தாவுகிற இரண்டு இடத்திலும் ஆர்என்ஏ புரதம்தான் காவல்.

ஒன்று, கொசு நம் ரத்தத்தை உறிஞ்சும்போது. ரத்தத்தில் சுற்றுகிற பெண் வித்துச் செல், கொசு வயிற்றில் போனபின் தேவைப்படும் பி25, பி28 புரதங்களுக்கான எம்ஆர்என்ஏவை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும். எழுதியதை டோசி என்ற புரதம் பூட்டி வைத்திருக்கும். கொசு வயிற்றில் இறங்கிக் கருவுற்ற பிறகுதான் பூட்டுத் திறக்கும். டோசி இல்லாத எலி மலேரியா ஒட்டுண்ணியில் அந்த எம்ஆர்என்ஏக்கள் அழிந்தன, வளர்ச்சியும் அதோடு நின்றது. 2006-ல் பார்த்தது.

இரண்டு, கொசு நம்மைக் கடிக்கும்போது. எச்சில் சுரப்பியில் நாள்கணக்கில் காத்திருக்கிற ஒட்டுண்ணியிடம், கல்லீரலில் இறங்கியதும் வேண்டியவற்றின் எம்ஆர்என்ஏ ஏற்கெனவே தயார். பஃப்2 என்ற புரதம் அவசரப்படாமல் பிடித்து வைக்கும். பஃப்2-ஐ நீக்கினால் கொசுவின் எச்சில் சுரப்பிக்குள்ளேயே கல்லீரல் வந்துவிட்டது என்று நினைத்து உருண்டையாகிவிடும். மேட்டுப்பாளையத்திலேயே ஸ்வெட்டர், குல்லா எல்லாம் மாட்டிக்கொண்டு வேர்த்துக்கொண்டிருக்கும் டூரிஸ்ட் மாதிரி. அந்த நிலையில் கடித்தால் தொற்று சரியாக ஏறாது.

லேக்ரோடு_குதிரை
அக்கா, பாதி புரிந்தது, பாதியை மூன்று தடவை படித்தேன். ஆர்பிபி10-க்கே யார் உத்தரவு போடுவது? அம்மாவுக்கும் ஒரு கேள்வி: ராணியிடமிருந்து எங்களுக்கு வருமா? இந்தக் குளிரில் அது சாகாதா என்று தாத்தா கேட்கிறார்.

வால்நுனி
உன் கேள்வி என் வழிகாட்டி கேட்கிற கேள்வி தம்பி! ஆர்பிபி10-இன் எம்ஆர்என்ஏவுக்கும் வால் உண்டு. சுமார் 7,300 எழுத்து. அதன் புரதப் பகுதியைவிடப் பல மடங்கு நீளம். அந்த வாலில் பல இடங்களில் வேறு புரதங்கள் உட்கார்ந்து இவரை ஏற்றி இறக்குகின்றன. மண்டிக்காரருக்கும் ஒரு சீட்டு, அதைப் படிக்க வேறு மண்டிக்காரர்கள். அம்மா கேள்விக்கு டாக்டர் ஐயா சொல்லட்டும்.

மாட்டாஸ்பத்திரி
அம்மாவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல். நம் ரத்தத்தில் ஏபிஓஎல்1 என்ற புரதம் இருக்கிறது, எவான்சியைக் கொன்றுவிடும். 2004-ல் மகாராஷ்டிராவில் ஒரு விவசாயிக்குச் சர்ரா வந்தது. சோதித்துப் பார்த்தால் அவர் உடம்பில் அந்தப் புரதம் இல்லை. சுரமின் என்ற மருந்து கொடுத்துக் குணமானார். அபூர்வமான விஷயம். இருந்தாலும் கையில் வெட்டுக் காயத்தோடு குதிரை ரத்தத்தைத் தொட வேண்டாம்.

தாத்தாவுக்கு: வெளியே கொடைக்கானலுக்குக் குளிர், குதிரைக்குள்ளே எப்போதும் 38 டிகிரி. அது சொகுசாக இருக்கும். குளிர் அடக்குவது ஈயைத்தான். ராணிக்குத் தொற்று கீழேயே ஏறி, இங்கே வந்து தெரிந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. மற்ற மூன்றுக்கும் ரத்தம் எடுத்தாயிற்றா?

லேக்ரோடு_குதிரை
இரண்டுக்கு எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை என்றார்கள். மூன்றாவது கிழம், ஊசியைப் பார்த்தாலே உதைக்கிறது. ராணி இன்று காலை அரைப் படி கொள்ளு தின்றாள். கழுத்தில் ஊசி போட்ட இடம் எலுமிச்சை அளவு வீங்கியிருக்கிறது. கால் வீக்கம் பாதி குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வரும், சவாரிக்கு விடலாமா என்று அப்பா கேட்கிறார்.

மாட்டாஸ்பத்திரி
விடக் கூடாது. அப்பாவிடம் நான் சொன்னேன் என்று சொல். அந்தக் கிழத்துக்கும் ஒரு நல்ல ஆளாக வைத்து ரத்தம் எடு, அதை விடாதே. ராணிக்குச் சாயங்காலம் சூடு பார்த்துக் காலண்டரில் எழுதி வை. மறுபடி ஏறினால் அந்த நேரத்திலேயே டாக்டரைக் கூப்பிடு, மறுநாள் கூப்பிடாதே.

கேத்தி_கேரட்
தம்பி, இரண்டாம் ரகக் கேரட் ஒரு மூட்டை கொடைக்கானல் பஸ்ஸில் ஏற்றி விடட்டுமா? ராணி தின்னுமா?

லேக்ரோடு_குதிரை
தின்னும் அண்ணே. அடியில் சீட்டு கட்டி விடுங்கள்.